வெயில் கண்ணாடி

பெட்டியில் இன்றைக்கும் சிவப்புதான் எரிந்தது.

சகுந்தலா உப்புக் கூடையைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தாள். சுவரில் மாட்டியிருந்த அந்தத் தகரப் பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்ன விளக்குகள் உண்டு. பச்சை எரிந்தால் வெயில் ஏறுகிறது. சிவப்பு எரிந்தால் ஏறவில்லை. அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான். வெளியே மழை விட்டு, சவுக்குத் தோப்புக்கு மேலே பளீரென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. காலையில் உப்பு போட்டு விரித்த நெத்திலி அதற்குள் விறைக்க ஆரம்பித்துவிட்டது. மீனுக்கு ஏறுகிற வெயில் பெட்டிக்கு மட்டும் ஏன் ஏறவில்லை?

"இன்னாம்மா, எரியுதா?" உள்ளே பாயில் சாய்ந்திருந்த ரோகிணி கேட்டாள். முதல் பிரசவத்துக்கு வந்திருக்கும் மகள். நிறைமாதம்.

"எரியுது. செவப்பு."

"மேகமா இருக்கும்மா."

"மேகம் எங்கடி கீது? கழுவிக் கவுத்த தட்டு மாதிரி கீது வானம்."

பெட்டிக்குக் கீழே தரையில், அதிலிருந்து மின்சாரம் ஏற்றிக்கொள்ள ஒயர் மாட்டிய குப்பத்து லாந்தர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எது யாருடையது என்று தெரிவதற்காக ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் அந்தந்த வீட்டுப் பழம்புடவையின் கிழிசலைக் கட்டியிருந்தார்கள். பொழுது சாய்ந்ததும் பெண்கள் வந்து எடுத்துப் போவார்கள். போன வாரமெல்லாம் வாங்கும்போது ஒருத்தியும் முகத்தைப் பார்க்கவில்லை. சகுந்தலா அந்தத் துணிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சவுக்குமேட்டுக் குப்பம் முன்பு கடலோரத்தில் இருந்தது. சுனாமிக்கு அப்புறம் ஊரையே எடுத்துத் தோப்புக்கு இந்தப் பக்கம் வைத்தார்கள். ஹாலோபிளாக் சுவரும் தகரக் கூரையுமாக வீடுகள் வந்தன, அடிபம்பு வந்தது, மின்சாரக் கம்பம் வரும் வரும் என்று மூன்றாவது ஐப்பசியும் போய்விட்டது. குப்பத்துக்கு நேர் மேலே, கோபுரம் கோபுரமாக நின்ற இரும்புத் தூண்களில் தடித்தடியான கம்பிகள் போயின. மழை நாளில் அவை ஙொய் என்று இரையும். "நம்ம தல மேலயேதான் போவுது, நம்ம வூட்டாண்ட நிக்காது. மந்திரி காரு மாதிரி" என்பான் சகுந்தலாவின் புருஷன் பக்தவத்சலம். மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக் கூடத்தில் சிலைகளுக்குப் பாலிஷ் போடுவது அவன் வேலை. உடம்பெல்லாம் வெள்ளைத் தூசியோடு வீடு திரும்புகிறவன், பேச்சில் மட்டும் தூசி படியவிடமாட்டான்.

அப்படிப்பட்ட ஊருக்குத்தான் சித்திரை மாதம் பல்கலைக்கழகத்து வேன் வந்தது. பேராசிரியர் சாரங்கபாணி திருக்கழுக்குன்றத்துக்காரர். பாடம் நடத்துவது பொருளாதாரம். படிப்பைக் கிராமத்துக்குக் கொண்டுபோகும் விரிவாக்கப் பணிக்கு அவர் பொறுப்பு. நெற்றியில் சின்னதாகத் திருமண், தோளில் துணிப்பை. வேப்ப மரத்தடியில் எல்லாரையும் உட்காரவைத்து அவர் பேசியது பலருக்கு இன்றும் நினைவிருக்கிறது.

"நீங்க எரிக்கிற சீமையெண்ணெய் ரொம்பக் கொஞ்சம்மா. பெரிய பெரிய ஊர்ல, எங்களை மாதிரி ஆளுங்க எரிக்கிறதுதான் அதிகம். அந்தப் புகையில பூமி சூடாகுது, கடல் ஏறுது. ஏறுற கடல் முதல்ல யார் வாசலுக்கு வருது? உங்க வாசலுக்கு. இது நியாயம் இல்லை. அதனால இந்த வெளிச்சத்தை நாங்க தருமமாக் குடுக்கலை. இது உங்க பாத்தியதை."

"அப்ப அந்த ஏசி போட்டவன் வூட்டாண்ட போய் ஏறச் சொல்லு சாரு, கடல" என்று ஒருவன் பின்னாலிருந்து கத்த, பேராசிரியரும் சேர்ந்து சிரித்தார்.

வெயிலை மின்சாரமாக்கி எல்லா வீட்டு லாந்தருக்கும் ஏற்றும் கண்ணாடிப் பலகையை யார் வீட்டில் நடுவது என்றபோது பெண்கள் எல்லாரும் சகுந்தலாவைத்தான் சொன்னார்கள். மர நிழல் விழாத வீடு என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை எதிர்வீட்டு ராஜம் எழுந்து நின்றே சொன்னாள். "எரவலு வாங்கன பாத்திரத்த அந்தக்கா வெறுமனே குடுக்காது சாரு. கழுவித் தொடச்சி, உள்ள ரெண்டு கருவாடோ ஒரு புடி உப்போ போட்டுத்தான் குடுக்கும். பொருளு அதுங்கிட்ட இருக்கட்டும்."

வீட்டு வாசலில் இரும்புக் கம்பம் நட்டு, அதன் தலையில் நீலமும் கருப்புமாக மின்னும் அந்தக் கண்ணாடியைச் சாய்வாகப் பொருத்தினார்கள். தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டினார்கள். பேராசிரியர் செருப்பைக் கழற்றிவிட்டு, சந்தனத்தில் விரலைத் தோய்த்து, கண்ணாடியின் நட்டநடுவில் ஒரு பொட்டு வைத்து, அதன் மேல் குங்குமம் இட்டார். "நல்லபடியா வெளிச்சம் குடு தாயே" என்று கண்ணை மூடிக்கொண்டார். அவரோடு வந்த மாணவி ஹம்சினிகூட அன்று ஜீன்ஸ் மேல் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அன்று ராத்திரி ரோகிணி கல்யாணமாகிப் போன வீட்டிலிருந்து வந்திருந்தாள். லாந்தர் வெளிச்சத்தில் தன் இடது முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் படிக்கிற காலத்தில் சிம்னி விளக்கு சாய்ந்து பொசுக்கிய தழும்பு, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் இருந்தது. "எங்களுக்கெல்லாம் அப்பவே இது வந்துருக்கக் கூடாதா" என்று மட்டும் சொன்னாள். சகுந்தலா வெளியே போய்க் கம்பத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தாள்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் கண்ணாடிக்குப் பொட்டு. காற்றில் உதிராமல் இருக்கச் சந்தனத்தை நல்லெண்ணெய் விட்டுக் குழைத்து வைப்பாள். பழைய பொட்டைத் துடைக்க மாட்டாள், அதன் மேலேயே புதிது. ஆயுத பூஜையன்று கேட்கவே வேண்டாம். பக்தவத்சலத்தின் உளி, பாலிஷ் கல், சைக்கிள், அவளுடைய அரிவாள்மணை, தராசு எல்லாவற்றுக்கும் வைத்த கையோடு கண்ணாடிக்கும் மூலைக்கு மூலை வைத்தாள். லாந்தர் வைத்திருக்கிற வீட்டுப் பெண்கள் எல்லாரும் வந்து ஆளுக்கு ஒன்று வைத்தார்கள். நமக்கு வெளிச்சம் கொடுக்கிறதல்லவா! ராஜம் சாமந்தி மாலையே கொண்டுவந்து சாத்தினாள். மாலை காய்ந்து உதிர்ந்தது. பொட்டுகள் இருந்தன.

அதற்கடுத்த நாட்களில்தான் பெட்டியில் பச்சை மங்கியது. உடனே மழையும் பிடித்துக்கொண்டதால் ஒருவருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. லாந்தர்கள் சோற்றுக்கு உட்காரும் நேரத்துக்கே மினுக் மினுக்கென்று கண் சிமிட்டின. மழை விட்ட நாட்களிலும் அப்படியே. சகுந்தலாவுக்குப் பயம் வந்தது. பயம் வந்தபோதெல்லாம் அவள் செய்யத் தெரிந்ததைச் செய்தாள். வெள்ளிக்கிழமையோடு செவ்வாய்க்கிழமையும் சேர்ந்துகொண்டது. ஒரு விரலால் வைத்த பொட்டை மூன்று விரலால் வைக்க ஆரம்பித்தாள். திருக்கழுக்குன்றத்துத் தாழக்கோயில் சாமியின் பெயரும் புருஷன் பெயரும் ஒன்று. அதனால் பெயர் சொல்லாமல், "மலையடிவாரத்துக்காரரே, நீதான் பாத்துக்கணும்" என்று கண்ணாடியின் முன்னால் நின்று வேண்டுவாள். மறுநாள் பெட்டியைப் போய்ப் பார்ப்பாள். சிவப்பு.

இந்த நிலைமையில்தான் ராஜத்தின் புருஷன் கோபாலகிருஷ்ணன் விழுந்தான். ஈசிஆர் ரோட்டில் ஒரு ரிசார்ட்டில் அவன் பாத்திரம் கழுவுகிறவன். வேலை முடிந்து தோப்பு வழியாக வரும்போது லாந்தர் பாதி வழியில் அணைந்துவிட்டது. சவுக்கு வேர் பிடுங்கிய குழி மழைத் தண்ணீர் நிறைந்து கிடந்தது தெரியாமல் காலை வைத்தான். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள்.

மறுநாள் அடிபம்பில் ராஜம் குடத்தை ணங்கென்று வைத்தாள்.

"ஏன்க்கா, ஊரு லைட்டெல்லாம் அணையுது, ஒன் வூட்டு லைட்டு மட்டும் எரியுதாமே. அது எப்புடி?"

"யாருடி சொன்னா? வந்து பாரேன். ரோகிணி கண்ண கசக்கிகினு குந்திகினு கீறா."

"ஒன் மருமவன் வந்தாரே. ரெண்டு செல்லு, ஒரு டேப்பு. எல்லாத்தயும் எதுல சொருவனாரு?"

"ஐயோ, அவரு செல்லு செத்துப்போயி பஸ்டாண்டு டீக்கடைல கெஞ்சிகினு நின்னாருடி! எந்த மருமவனாவது மாமியா வூட்ட வுட்டு டீக்கடைல போயி கெஞ்சுவானா, நீயே சொல்லு."

வரிசையில் நின்ற இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். ராஜம் சிரிக்கவில்லை.

"சிரிங்க, நல்லா சிரிங்க. எங்க வூட்டு ஆளு கால ஒடச்சிகினு மல்லாந்து கெடக்குது. ரிசார்ட்ல வேற ஆள வெச்சிக்கினாங்களாம். கரண்ட்டு யாருகிட்ட போச்சின்னு சாமிக்குத் தெரியும்."

சகுந்தலா நிரம்பிய குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். திருடவில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் தன் வீட்டிலிருந்து போன லாந்தர்தானே அணைந்தது? கொடுத்த பொருளைக் காப்பாற்றத் தெரியாமல் எங்கேயோ ஒரு பிசகு செய்துவிட்டோமோ என்ற எண்ணம் அவளைப் போட்டு அரித்தது. அன்று கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் செய்து மகளுக்குப் போட்டுவிட்டு, தான் ஒரு வாய் மோர் குடித்துப் படுத்தாள்.

அந்த வாரத்தில் ஹம்சினி வந்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த பேட்டரியில் தண்ணீர் குறைந்திருக்கிறதா என்று பார்த்து, கொண்டுவந்த தண்ணீரை ஊற்றினாள். ஒயர்களை ஆட்டிப் பார்த்தாள். சமூகப்பணி படிக்கிற பெண். இதற்கு மேல் அவளுக்கும் தெரியாது.

"மழைக்காலம்க்கா. தை பொறந்தா சரியாயிடும்."

"தை மாசத்துக்குள்ள எங்க ஊரே என்ன கொன்னுடுமே கண்ணு. நல்லா பாத்தியா? எங்கயாவது நா எதாவது கை பட்டு..."

"நீங்க எதுவுமே பண்ணலக்கா. எவ்ளோ பக்தியா வெச்சிருக்கீங்க! வேற எந்த ஊர்லயும் இப்படி இல்ல தெரியுமா?" என்று சொல்லி, சந்தனமும் குங்குமமும் திட்டுத்திட்டாக அப்பியிருந்த கண்ணாடியைத் தன் சின்னக் கேமராவில் இரண்டு கோணத்தில் படம் எடுத்துக்கொண்டாள். "பேப்பர்ல போடலாம், அழகா இருக்கு."

சகுந்தலா அவளுக்கு நெத்திலிக் கருவாட்டைக் காகிதத்தில் கட்டிக் கொடுத்தாள். வேனில் நாறுமே என்று சிரித்துக்கொண்டே அந்தப் பெண் வாங்கிப் போனாள்.

புதன்கிழமை பொழுது சாய, வலை பின்னும் கொட்டகையில் ஆண்கள் கூடிப் பேசினார்கள். பக்தவத்சலம் திரும்பி வந்து கைகால் கழுவாமலே உட்கார்ந்தான்.

"இன்னா சொன்னாங்க?" என்றாள் சகுந்தலா.

"முடிச்சிட்டாங்க."

"இன்னாத்த முடிச்சிட்டாங்க? முழுசா சொல்லுய்யா."

"இது வந்ததுலேர்ந்து ஊர்ல சண்டதான் வருது, பேஜாரா கீது, திருப்பிக் குடுத்துடலாம்னுட்டாங்க. நா ஒண்ணும் பேசல. கோபாலகிருஷ்ணன் காலப் பத்தி ஒருத்தன் பேசனான். அதுக்கப்புறம் நா இன்னான்னு பேசறது? எஸ்டிடி பூத்துக்குப் போயி சாருக்கு நானே போன் போட்டுச் சொல்லிட்டேன். வெள்ளிக்கெழம வண்டி வருது, கழட்டிகினு போறாங்க."

"நைனா, சாரு இன்னா சொன்னாரு?" என்று ரோகிணி கேட்டாள்.

"சரிப்பா, எங்களால உங்களுக்குள்ள மனஸ்தாபம் வேணாம்னாரு." அவன் இருமினான். கல்தூசி இருமல், லேசில் நிற்காது. நின்றதும் சொன்னான்: "நாளைக்கு ரேஷன்ல சீமெண்ண ஊத்தறான். கேன எடுத்து வெய்யி."

ரோகிணியின் கை தானாகத் தழும்பைத் தடவியது. சகுந்தலா அதைப் பார்த்தாள். பிள்ளை பிறக்கப்போகிற வீட்டில் மறுபடி சிம்னி விளக்கு. கைக்குழந்தை, பாய், துணிமணி, பக்கத்தில் ஒரு சின்ன நெருப்பு. பரணில் போட்டிருந்த சிம்னியை அவள் எடுத்தாள். கண்ணாடியில் ஒட்டடை அடைந்திருந்தது. துடைக்க மனசில்லாமல் திரும்ப வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை வானம் சுத்தமாக இருந்தது. கடல் காற்று ஈரம் காய வீசியது. பக்தவத்சலம் வேலைக்குப் போய்விட்டான். கழட்டுவதைப் பார்க்க அவனுக்கு இஷ்டமில்லை. சகுந்தலா அடுப்பில் அண்டா நிறைய வெந்நீர் வைத்தாள்.

"இன்னாத்துக்கும்மா இவ்ளோ வெந்நீ? நா குளிச்சிட்டேன்."

"கண்ணாடிய கழுவணும்டி. எரவலு பொருளு. அழுக்கோடயா குடுக்கறது? ஊரு என்ன வேணா சொல்லிகினு போவட்டும். சகுந்தலா பிசுக்கோட குடுத்தான்னு ஒரு பேச்சு வரக் கூடாது."

ரோகிணி வாசல்படியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். "யம்மா, இன்னிக்கி வெள்ளிக்கெழம. பொட்ட அழிக்கப் போறியா? நா வயித்துல புள்ளய வெச்சிகினு நிக்கறேன்."

சகுந்தலாவின் கையில் சீயக்காய்க் கிண்ணம் இருந்தது. இந்தப் பயம் அவளுக்கும் விடியற்காலையிலிருந்து உள்ளேயே இருந்தது. வெள்ளிக்கிழமை, சுமங்கலி, நிறைமாதப் பெண் இருக்கிற வீடு. தன் கையால் குங்குமத்தை அழிப்பது எப்படி? கோயிலை நினைத்தாள். திரை போட்டு, முதல் நாள் சந்தனத்தையெல்லாம் களைந்து, சாமிக்கு எண்ணெய்க் காப்பு சாத்தி, தண்ணீர் ஊற்றுவார்கள். அப்போது சாமி வெறும் கல்லாக, ஈரமாக நிற்கும். அதற்காக யாரும் பயப்படுவதில்லை. கையெடுத்துத்தான் கும்பிடுகிறார்கள்.

"அழிக்கலடி. குளிப்பாட்டறேன்" என்றாள். "நீ உள்ள போ. பாக்காத."

முக்காலியைக் கம்பத்தடியில் போட்டு ஏறினாள். மணல் தரை. முக்காலி ஒரு பக்கம் சரிந்தது. வெந்நீரில் நனைத்த பழைய வேட்டித் துணியால் ஓரத்துப் பொட்டை அழுத்தினாள். எண்ணெயும் சந்தனமும் அடுக்கடுக்காக இறுகி அடை மாதிரி ஒட்டியிருந்தது. சீயக்காய் போட்டுத் தேய்த்தாள். செம்மஞ்சளாகத் தண்ணீர் அவள் முழங்கையில் வழிந்தது. தேய்க்கத் தேய்க்க அவளுக்கு அழுகை வந்தது. முக்காலி மறுபடி ஆடியது.

யாரோ கீழே முக்காலியைப் பிடித்தார்கள். பார்த்தாள். ராஜம். கையில் நீலத் துணி கட்டிய லாந்தர். வேனில் ஏற்றுவதற்காகக் கொண்டுவந்திருக்கிறாள்.

"நீ வேற உழுந்து தொலைக்காத. இந்தத் தெருவுக்கு ஒரு காலு ஒடஞ்சது போதும்" என்றாள் ராஜம், நிமிர்ந்து பார்க்காமல்.

ஏதாவது சொன்னால் அவள் பிடியை விட்டுவிடுவாளோ என்று சகுந்தலாவுக்குப் பயம். ராஜம் ஒரு காலால் முக்காலியை அணைத்துக்கொண்டு, அண்டாவிலிருந்து சொம்பில் வெந்நீர் மொண்டு மொண்டு மேலே கொடுத்தாள். இரண்டு பேருமாகக் கழுவினார்கள். கடைசியில் நடுப்பொட்டு. அதன் மேல் எத்தனையோ வெள்ளிக்கிழமைகள் ஏறி, உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. "இது சாரு வெச்சது" என்று சகுந்தலா ஒரு கணம் தயங்கினாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அதையும் துடைத்தாள். காய்ந்த துணியால் ஒற்றி எடுத்தபோது கண்ணாடியில் வானம் தெரிந்தது. மேலே போகும் பெரிய கம்பிகளும் தெரிந்தன.

"யம்மா!" உள்ளேயிருந்து ரோகிணி கத்தினாள். "யம்மா, ஓடியா!"

வலி கண்டுவிட்டது என்று நினைத்து சகுந்தலா முக்காலியிலிருந்து குதித்தே விட்டாள். இரண்டு பேரும் உள்ளே ஓடினார்கள். ரோகிணி பெட்டியைக் கைகாட்டிக்கொண்டு நின்றாள்.

பச்சை. நல்ல கொழுந்துப் பச்சை.

ராஜம்தான் முதலில் அசைந்தாள். வெளியே போய் முக்காலி மேல் ஏறி, கண்ணாடியில் இரண்டு உள்ளங்கையையும் விரித்து வைத்தாள். "இப்ப இன்னா எரியுது?"

"செவப்பு" என்றாள் ரோகிணி.

கையை எடுத்தாள். "இப்ப?"

"பச்ச."

இன்னொரு தடவை வைத்தாள், எடுத்தாள். சிவப்பு, பச்சை. பிறகு அவள் மெதுவாக இறங்கி, பிசுக்கும் மஞ்சளுமாக இருந்த தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சகுந்தலா வாசல் மணலில் உட்கார்ந்துவிட்டாள். கருவாட்டுக்கு மேல் ஒரு கூடையைக் கவிழ்த்தால் அது காயாது என்று அவளுக்குத் தெரியாதா? தினம் செய்கிற வேலைதானே. தெரிந்தும் தன் கையாலேயே வெயிலை மூடிவைத்துவிட்டு, வெயில் வரவேண்டும் என்று அதன் முன்னாலேயே நின்று வேண்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ராஜம், நாந்தான்டி. ஒன் வூட்டுக்காரரு கால நாந்தான்டி ஒடச்சேன்."

ராஜம் லாந்தரைக்கூட எடுக்காமல் எதிர்வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வேன் வந்தபோது குப்பமே கூடிவிட்டது. பேராசிரியர் சாரங்கபாணி இறங்கினார். கூடவே ஹம்சினி, ஸ்பானர் பையோடு ஒரு டிரைவர். ராஜத்தின் வீட்டுக் கதவு திறந்தது. அவள் கூட்டத்தின் பின்னால் வந்து நின்றாள். அவள் வாயைத் திறப்பதற்கு முன் தானே சொல்லிவிட வேண்டும் என்று சகுந்தலா முன்னால் வந்தாள்.

"சாரு, கரண்ட்டு எங்கயும் போவல. நா திருடல. ஆனா தப்பு எம்மேலதான். வாரா வாரம் பொட்டு வெச்சி வெச்சி கண்ணாடிய நானே மூடிட்டேன். இன்னிக்கி கழுவனேன், பச்ச எரியுது. கோபாலகிருஷ்ணன் உழுந்ததுக்கு நாந்தான் காரணம். நீங்க எடுத்துகினு போயி, வெவரம் தெரிஞ்சவங்க ஊர்ல குடுங்க."

ஹம்சினி "ஐயோ" என்றாள். "நான் ஃபோட்டோ எடுத்தேன் சார். ரெண்டு ஃபோட்டோ" என்று மெல்லச் சொல்லிவிட்டு முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

பின்னாலிருந்து ராஜத்தின் குரல் வந்தது. எரிச்சலான குரல்தான்.

"எல்லாத்தயும் தானே தூக்கித் தலைல வெச்சிக்காதக்கா. கீழண்ட மூலைல பெருசா ஒண்ணு இருந்திச்சே, அது யாரு வெச்சது? நானு. மாலய வேற கொண்டாந்து போத்தனேன்."

"மேலண்ட மூலைல எங்க வூட்டுது" என்றாள் ஒரு கிழவி.

"அதுக்குப் பக்கத்துல என்னுது. எங்க வூட்டுக்காரரு திட்டிகினே இருந்தாரு, சின்னதா கீதுன்னு. அதான் மறுநாளு வந்து பெருசாக்கனேன்" என்றாள் இன்னொருத்தி.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பேராசிரியர் சிரிக்கவில்லை. கண்ணாடியின் நடுவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் வலது கை மோதிர விரலைப் பார்த்தார்.

"நடுவுல ஒண்ணு இருந்திருக்குமே" என்றார்.

"அது நீங்க வெச்சது சாரு" என்றாள் சகுந்தலா தயங்கி.

"ஆமாம்மா. கண்ணாடி மேல எதுவும் படக்கூடாதுன்னு இதைச் செஞ்சவங்க எனக்கு எழுதிக் குடுத்திருந்தாங்க. படிச்சுட்டுத்தான் வந்தேன். படிச்சுட்டு வந்துதான் பொட்டும் வெச்சேன். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம்னு எனக்கே தோணலியே, உங்களுக்கு எப்படித் தோணும்?" அவர் செருப்பைக் கழற்றினார். முதலில் கண்ணாடிக்குத்தான் கும்பிடு போடப்போகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் ராஜத்தின் பக்கம் திரும்பினார். "உங்க வீட்டுக்காரரை நான் பார்க்கணும்மா. வரலாமா?"

அவர் கோபாலகிருஷ்ணனின் பாயருகில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். என்ன பேசினார்கள் என்று வெளியே நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது, அந்த ரிசார்ட் முதலாளியைத் தானே போய்ப் பார்ப்பதாகவும், கால் கூடும்வரை வேலையைக் காத்துவைக்கச் சொல்லிக் கேட்பதாகவும் சொன்னார். "கேக்கறேன். என்ன சொல்வாரோ தெரியாது" என்றும் சேர்த்துச் சொன்னார். டிரைவர் ஸ்பானர் பையைத் திறக்காமலே வேனில் போட்டுவிட்டான். எடுத்துப் போகலாமா வேண்டாமா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் பெண்கள் வந்து லாந்தர்களை எடுத்துப் போனார்கள். ராஜம் மட்டும் வரவில்லை. நீலத் துணி கட்டிய லாந்தரை சகுந்தலாவே எதிர்வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தாள். எரியுமா, பாதியில் நிற்குமா என்று சோறு வடிக்கும்போதும் அவள் கண் எதிர்வீட்டு ஜன்னலிலேயே இருந்தது. எரிந்தது. ரோகிணி தூங்கிப்போன பிறகும் எரிந்துகொண்டிருந்தது.

விடிந்து வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தபோது படியில் அந்த லாந்தர் இருந்தது. கண்ணாடிக் கூண்டு துடைத்துப் பளபளவென்று இருந்தது. நீலத் துணியில் ஒரு சின்னப் பொட்டலம் முடிந்திருந்தது. சகுந்தலா பிரித்தாள். குங்குமம்.

"பாத்துகினே நிக்கறியே. புள்ளைக்கி வெச்சி வுடு. நேத்து வெள்ளிக்கெழம அதுவுமா அவ மனசு சங்கடப்பட்டுச்சி இல்ல" என்று எதிர்வாசலில் கோலப்பொடியோடு நின்ற ராஜம் சொன்னாள். சொல்லிவிட்டு அவளே தெருவைத் தாண்டி வந்து, தூக்கக் கலக்கத்தில் எழுந்து வந்த ரோகிணியின் நெற்றியில் வைத்தாள். விரலில் கொஞ்சம் மிச்சம் ஒட்டியிருந்தது. பழக்கதோஷத்தில் கை கண்ணாடிப் பக்கம் உயர்ந்தது. நின்றது. ராஜம் குனிந்து, கம்பத்தின் அடியில், மணலுக்கு ஒரு சாண் மேலே, அந்த மிச்சத்தைப் பொட்டாக வைத்தாள்.

சவுக்குத் தோப்புக்கு மேலே சூரியன் வந்துகொண்டிருந்தது. பச்சை எரியும் என்று மூன்று பேருக்கும் தெரியும். ஆனாலும் சகுந்தலா உள்ளே போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தாள்.